வண்டியோடு வரும் நிழல்

நிழலின் அருமை வெயிலில் தெரியும் என்பது பழமொழி. அந்த வெயில் மாசி மாதத்து வெயிலாகவும், இடம் கடற்கரையை அடுத்த மணல்வெளியாகவும், உடன் வந்தவர் எண்பது பிராயத்தைக் கடந்தவராகவும் இருந்துவிட்டால், பழமொழியின் உதவிகூடத் தேவையில்லை. மோட்டார் வண்டியில் குடும்பத்துடன் சென்று வெட்டவெளியில் ஒரு பகலைக் கழிக்க விரும்புவோர், வண்டியோடு இணைத்து விரிக்கும் பந்தலை எப்படித் தேர்ந்தெடுப்பது என்பதே இங்கே நாம் எடுத்துக்கொண்ட விஷயம். கடைக்காரர்கள் இதை 'ஆனிங்' என்கிறார்கள். பந்தல் என்ற அழகான சொல் நம்மிடம் இருக்கும்போது கடன் வாங்குவானேன்? வண்டிப் பந்தல் என்றே சொல்வோம்.

இந்த ஆராய்ச்சியில் நாம் இறங்க நேர்ந்ததற்குக் காரணம் நம் தாயார். கன்னியாகுமரி ஜில்லாவில் மண்டைக்காட்டுப் பகவதி அம்மன் கோயில் பிரசித்தமானது. மாசி மாதத்தில் அங்கே பத்து நாள் கொடை விழா நடக்கும். ஸ்திரீகள் இருமுடி கட்டி வருவதால் 'பெண்களின் சபரிமலை' என்றே அதைச் சொல்வதுண்டு. தாயார் சிறுமியாயிருந்த காலத்தில் நாஞ்சில் நாட்டிலிருந்து மாட்டு வண்டியில் அங்கே போனார்களாம். மாட்டை அவிழ்த்துவிட்டு, வண்டிக் கூண்டிலிருந்து ஒரு பாயை இழுத்து இரண்டு கம்புகளில் கட்டினால் வீடு தயார். வண்டி நின்ற இடத்தில் நிழலும் நின்றது.

இன்றையக் கார் விரைவில் கொண்டுபோய்ச் சேர்க்கிறது, நிழல் தருவதில்லை. வெயிலில் சிறிது நேரம் நின்றால் அதுவே அடுப்பாகிவிடுகிறது. தென்னந்தோப்பின் நிழலோ சல்லடை நிழல். போதாக்குறைக்குத் தேங்காயோ மட்டையோ தலையில் விழக்கூடும். இரண்டு வருஷங்களாகவே, "என்னைக் கூட்டிக்கொண்டு போய் நீங்கள் சிரமப்பட வேண்டாம்" என்று தாயார் சொல்லத் தொடங்கியிருந்தார். ஒரு துண்டு நிழல் இல்லாத காரணத்தால் ஒரு முதியவர் தம் ஆசையைச் சுருக்கிக்கொள்வதா? அதன்பேரில்தான் பந்தல் தேடப் புறப்பட்டோம்.

கிடைப்பவை பெரும்பாலும் மூன்று வகை. முதலாவது, வெறும் தார்ப்பாய். ஒரு விளிம்பை வண்டியின் கூரைச் சட்டத்தில் கட்டி, மறு விளிம்பை இரண்டு கம்புகளில் தூக்கி, கயிற்றால் இழுத்துக் கட்டவேண்டும். விலை குறைவு, கை வேலை அதிகம். இரண்டாவது, சுருள் பந்தல். கூரையின் பக்கவாட்டில் நீண்ட உறைக்குள் துணி சுருண்டிருக்கும். உறையைத் திறந்து துணியை முன்னே இழுத்தால், முன் சட்டத்திலிருந்தே இரண்டு கால்கள் இறங்கும். பக்கத்துக்கு ஒன்றாக இரண்டு கைகள் நீண்டு துணியை விறைப்பாக நிறுத்தும். மூன்றாவது, வௌவால் சிறகைப்போல் விரிவது. வண்டியின் ஒரு மூலையில் கீல் போட்டு, பல கைகளுடன் சுழன்று பக்கத்தையும் பின்புறத்தையும் சேர்த்து மூடும். ஒரு நிமிஷத்தில் விரிந்துவிடும். ஆனால் கனமும் விலையும் மிக அதிகம். பலமான கூரைச் சட்டம் வேண்டும்.

வியாபாரிகள் காட்டும் சலனப் படங்களில் எல்லாம் விரிப்பதைத்தான் காட்டுகிறார்கள். புன்சிரிப்புடன் ஒருவர் துணியை உதறுகிறார்; பந்தல் நிற்கிறது; படம் முடிந்துவிடுகிறது. அதை மறுபடி சுருட்டுவதை எவரும் காட்டக் காணோம்! நம் அபிப்பிராயத்தில், எளிதாக அமைக்கும் பந்தல் என்றால் எளிதாக எடுக்கும் பந்தல் என்றே பொருள். வேறெங்கும் இது அவ்வளவு முக்கியமில்லாமல் இருக்கலாம். நாஞ்சில் நாட்டில் இதுவே முதல் கேள்வி.

காரணம் காற்று. ஆரல்வாய்மொழியில் மலைத்தொடர் இடைவெளி விட்டு நிற்கிறது. தென்மேற்குப் பருவத்தில், ஆனி ஆடி மாதங்களில், மேற்கிலிருந்து வரும் காற்று அந்த வாசலில் நெருக்கிப் புகுந்து வேகம் பிடிக்கிறது. முப்பந்தலில் நூற்றுக்கணக்கான காற்றாலைகள் நிற்பது அதனால்தான். காற்றின் வேகம் இரட்டித்தால் அதன் விசை நான்கு மடங்காகும். 2 மீட்டருக்கு 2.5 மீட்டர் அளவுள்ள பந்தலின் பரப்பு 5 சதுர மீட்டர். மணிக்கு 20 கிலோமீட்டர் வேகக் காற்று அதை நேர் எதிரே தாக்கினால், ஏறக்குறைய 10 கிலோ எடையின் விசை. 40 கிலோமீட்டரானால் அதுவே சுமார் 40 கிலோ. ஒரு பையனைத் தூக்கி எறியும் பலம் இது! ஐப்பசி, கார்த்திகையில் வானம் நம்பத்தக்கதல்ல. 2017 நவம்பர் 30-ஆம் தேதி ஒக்கிப் புயல் இந்த ஜில்லாவில் செய்த நாசத்தை மறந்தவர் இங்கே யாருமில்லை. வண்டிப் பந்தல் வெயிலுக்கும் தூறலுக்கும் உரியது; புயலுக்குப் புகலிடமல்ல.

ஓர் ஆடி மாதத்தில் முட்டம் கடற்கரையில் நாம் கண்ட காட்சி இது. வெளியூர் அன்பர் ஒருவர் சிறகுப் பந்தலை ஒய்யாரமாக விரித்திருந்தார். திடீரென்று காற்று அடியில் புகுந்தது. கைகள் மேலே எகிறின. ஒரு கால் பெயர்ந்து, அருகில் அமர்ந்திருந்த குழந்தையின் தலைக்கு ஒரு சாண் தூரத்தில் வந்து விழுந்தது. அன்பரும் மனைவியும் துணியைப் பிடித்துத் தொங்கினார்களேயன்றி, அடக்க முடியவில்லை. வலை செப்பனிட்டுக்கொண்டிருந்த முதியவர் ஒருவர் இரண்டு பிள்ளைகளுடன் ஓடிவந்து, மளமளவென்று அதைத் தாழ்த்திச் சுருட்டிக் கட்டினார். பிறகு சிரித்துக்கொண்டே, "பாயை விரிக்க ஒரு சின்னப் பய போதும், மக்களே. சுருட்டத்தான் ஆளு வேணும்" என்றார்.

பாய்மரம் அறிந்தவரின் வாக்கு அது. உலகமெங்கும் இதே கதைதான். ரோமாபுரியில் கி.பி. 80-ல் திறக்கப்பட்ட கொலோஸியம் அரங்கில், ஜனங்களுக்கு நிழல் தரப் பெரிய துணி விதானம் உண்டு. அதைக் கையாளக் கடற்படை மாலுமிகளை வைத்திருந்தார்கள். காற்றோடு பழகியவனிடமே துணியை ஒப்படைக்கவேண்டும் என்று அவர்களுக்குத் தெரிந்திருந்தது.

அந்த முதியவரின் வாக்கை உரைகல்லாகக் கொண்டு பார்த்ததில், சிறிய குடும்பத்துக்குச் சுருள் பந்தலே தக்கது என்ற முடிவுக்கு வந்தோம். கடையில் இரண்டு நிபந்தனைகள் சொன்னோம்: விரித்துக் காட்ட வேண்டாம், விரித்ததைச் சுருட்டிக் காட்டுங்கள், அதையும் ஒரே ஆள் செய்யவேண்டும். இரண்டு கடைகளில் பேச்சு அதோடு நின்றுவிட்டது. மூன்றாவது கடையில் ஒரு பையன் காலைத் தாழ்த்தி, கைகளை மடக்கி, சட்டத்தை உருட்டி, உறையை மூடிக் காட்டினான். அதை வாங்கினோம். கூரை எவ்வளவு பாரம் தாங்கும் என்பதை வண்டியோடு கொடுத்த கைப்புத்தகத்தில் பார்த்துக்கொண்டுதான் பூட்டினோம்.

எந்தப் பக்கம் பூட்டுவது? இந்தியாவில் நாம் சாலையின் இடப்பக்கம் செல்கிறோம். ஆகையால் இடப்புறமே பந்தலுக்கு உரியது. வண்டி ஓரமாக நின்றால் நிழல் சாலைக்கு மறுபுறம் விழும்; குழந்தைகள் போக்குவரத்தின் பக்கம் இறங்க மாட்டார்கள். அமெரிக்காவிலிருந்து வரும் பந்தல்களில் 'பிரயாணி பக்கம்' என்று போட்டிருந்தால் அது வலப்புறம் என்பதை நினைவில் வைக்கவேண்டும். இன்னொன்று: மேல்காற்றுக் காலத்தில் வண்டியின் முகம் தெற்கு நோக்கினால் இடப்புறம் கிழக்காகும். வண்டியே காற்றுக்கும் மாலை வெயிலுக்கும் சுவராக நிற்கும்.

மணலில் முளை நிற்காது. சாக்கில் மணலை நிரப்பி, கயிற்றைக் கட்டி, முழ ஆழத்தில் புதைத்தால் அசையாது. கயிறு தென்னை நார்க் கயிறாக இருக்கட்டும். உப்புநீர் அதை எளிதில் கெடுக்காது. ஈத்தாமொழித் தென்னையின் பெயர் பெற்ற நாட்டில் நைலானைத் தேடி அலைவானேன்? முடிச்சு மட்டும் உருவாஞ்சுருக்காக இருக்கவேண்டும். ஒரே இழுப்பில் அவிழவேண்டும்.

துணியில் பருத்திக் கித்தான் குளுமை தரும். ஆனால் கனம் அதிகம், ஈரத்தோடு மடித்தால் பூஞ்சணம் பிடிக்கும். பாலியெஸ்டர் இலகு, சீக்கிரம் உலரும், காற்றில் படபடக்கும். எதுவானாலும் முன்கால் ஒன்றைச் சற்றுத் தாழ்த்தி வைக்கவேண்டும். மழைநீர் அரை அங்குலத்துக்கும் குறைவாக, 1 சென்டிமீட்டர் உயரம் பரப்பு முழுதும் தேங்கினாலும் 50 கிலோ பாரமாகிவிடும். பொங்கல் அடுப்பையோ பந்தலின் அருகே கொண்டுவரவே கூடாது. பாலியெஸ்டர் தீப்பிடித்தால் உருகிச் சொட்டும். சொட்டியது சருமத்தில் ஒட்டிக்கொள்ளும். அடுப்பு தூரத்தில், காற்று போகும் திசையில் இருக்கட்டும்.

இவ்வளவு பணம் செலவழிக்க இயலாதவர்கள் மனம் தளர வேண்டாம். ஊரில் தார்ப்பாய் தைப்பவரிடம் வண்டியின் அளவைக் கொடுத்து, விளிம்பில் கயிறு வைத்து, மூலைகளில் பித்தளை வளையம் அடித்து வாங்கினால், கம்பும் கயிறும் சேர்த்தும் விலையில் ஒரு சிறு பங்குதான். கிழிந்தால் அவரே ஒட்டுப்போடுவார். அந்நியக் கம்பெனியின் உதிரிப் பாகத்துக்காக ஆறு மாதம் காத்திருக்க வேண்டியதில்லை. எடுக்கும் பரீக்ஷையில் அதுவும் தேறும்: இரண்டு சுருக்கை இழுத்தால் துணி தரையில் கிடக்கும்.

எதை வாங்கினாலும் முதலில் வீட்டு முற்றத்தில் மூன்று முறை விரித்து, மூன்று முறை சுருட்டிப் பார்த்துவிட வேண்டும். நமக்கு முதல் முறை எடுக்கப் பதினோரு நிமிஷம் ஆயிற்று. மூன்றாம் முறை நான்கு. குடும்பத்தில் வண்டி ஓட்டுகிறவர் மட்டுமன்றி, மற்றொருவருக்கும் அது பழகியிருக்க வேண்டும். அவர் கடைக்குப் போயிருக்கும் நேரத்தில்தான் காற்று வரும். வீடு திரும்பியதும் நல்ல தண்ணீரால் உப்பைக் கழுவி, துணியைக் கொடியில் நன்றாக உலர்த்தி, திருகாணிகளுக்குச் சிறிது எண்ணெய் இட்டு வைத்தால், அடுத்த மாசிக்கும் அது அப்படியே காத்திருக்கும்.