மிதி... பிடி... விடு!

பள்ளி விடுமுறை வந்துவிட்டால் கேமரன் மலைக்குப் போகும் சாலைகள் நிரம்பிவிடும். புறப்படும் முன் டயரில் காற்று பார்க்கிறோம். ஏர்கோன் நன்றாகக் குளிர்கிறதா என்று பார்க்கிறோம். காய்கறியும் ஸ்ட்ராபெர்ரியும் வாங்கிப் போட பெட்டிகூட எடுத்து வைக்கிறோம். ஆனால், 'பிரேக் எண்ணெய் மாற்றி எத்தனை வருடம் ஆச்சு?' என்று கேட்டுப் பாருங்கள். பெரும்பாலான வீடுகளில் பதில் இருக்காது.

வானொலியில் சாலை நிலவரம் வாசிப்பது என் வேலைகளில் ஒன்று. எங்கே நெரிசல், எங்கே மண்சரிவு என்று சொல்லலாம். காருக்குள் இருக்கும் ஆபத்தைச் சொல்ல அந்த அரை நிமிடம் போதாது. அதனால் இங்கே எழுதுகிறேன்.

தானா ராத்தா கடல் மட்டத்திலிருந்து ஏறக்குறைய 1,440 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. தாப்பாவோ சமவெளி. ஆயிரம் கிலோ எடையுள்ள ஒரு கார் 1,400 மீட்டர் கீழே இறங்கும்போது வெளிப்படும் சக்தி, சுமார் 40 லிட்டர் தண்ணீரைக் கொதிக்கும் அளவுக்குச் சூடாக்கப் போதும். அதில் ஒரு பங்கைக் காற்றும் இஞ்சினும் தாங்கிக்கொள்ளும். மற்றதெல்லாம் பிரேக்கில் சூடாக இறங்குகிறது.

நாம் மிதிப்பதைச் சக்கரம் வரை கொண்டுபோவது பிரேக் எண்ணெய்தான். திரவத்தை அமுக்கிச் சுருக்க முடியாது என்பதால்தான் கால் கொடுக்கும் அழுத்தம் அப்படியே போய்ச் சேர்கிறது. ஆனால், இந்த எண்ணெய்க்கு ஒரு குணம் உண்டு. காற்றிலுள்ள ஈரத்தை மெல்ல மெல்ல உறிஞ்சிக்கொள்ளும். கடையில் விற்கும் டாட் 3 வகை, புதிதாக இருக்கும்போது குறைந்தது 205 டிகிரி செல்சியஸ் வரை கொதிக்காது. 3.7 விழுக்காடு தண்ணீர் சேர்ந்துவிட்டாலோ அந்த வரம்பு 140 டிகிரிக்கு இறங்கிவிடுகிறது. டாட் 4 வகைக்கு இதே கணக்கு 230, 155. கொதித்தால் ஆவி உண்டாகும். ஆவியை அமுக்க முடியும். அப்போது மிதி தரை வரை போகும், கார் நிற்காது.

ரிங்லெட் பக்கத்தில் ஒரு தேயிலைத் தோட்டத்தில் இருக்கும் என் மாமாவுக்கு நடந்தது இதுதான். தோட்டத்து லோரி ஓட்டி ஓய்வு பெற்றவர். அத்தையை மாதா மாதம் ஈப்போ மருத்துவமனைக்குப் பரிசோதனைக்கு அழைத்துப் போகிறார். ஒரு நாள் தாப்பாவை நோக்கி இறங்கும்போது முன்னால் ஒரு காய்கறி லோரி. வளைவுக்கு வளைவு பிரேக் பிடித்துக்கொண்டே வந்ததில் மிதி பஞ்சு மாதிரி அமுங்கிவிட்டது. சின்ன கியருக்கு மாற்றி, கைப்பிரேக்கை மெல்ல இழுத்து ஓரங்கட்டினாராம். பக்கத்தில் அத்தை.

அரை மணி நேரம் ஆறவிட்டதும் மிதி பழையபடி கெட்டியாகிவிட்டது. இதுதான் இந்தக் கோளாறின் ஏமாற்று. ஆவி குளிர்ந்து திரும்பவும் திரவமாகிவிடும். பட்டறைக்குப் போய்ச் சேரும்போது கார் நல்ல பிள்ளை மாதிரி நிற்கும். மாமா போன பட்டறையிலும், "எண்ணெய் நிறைய இருக்கு அங்கிள், ஒண்ணும் இல்ல" என்று மூடியை மூடி அனுப்பிவிட்டார்கள். எண்ணெய் நிறைய இருக்கிறதா என்பதல்ல கேள்வி, எத்தனை வருடத்து எண்ணெய் என்பதுதான் கேள்வி.

தீபாவளிக்கு நான் மேலே போயிருந்தபோது மாமாவே மாற்றிவிடுவதாகச் சொன்னார். இதற்கு இரண்டு பேர் வேண்டும், ஒருவர் மிதியில், ஒருவர் சக்கரத்தடியில். மிதி என் பொறுப்பு. "மாமனும் மருமகளும் நல்லா விளையாடுங்க. நாளைக்கு அதுல உட்காரப் போறது நான்தான்," என்றார் அத்தை வாசலில் இருந்தபடி. சிரித்தோம். ஆனால், அவர் சொன்னது விளையாட்டல்ல.

சமதரையில் காரை நிறுத்தி, மற்ற சக்கரங்களுக்குக் கட்டை வைத்து, ஜாக்கை மட்டும் நம்பாமல் ஸ்டாண்டும் கொடுத்தார். தொட்டியில் இருந்த பழைய எண்ணெயை ஊசிக்குழலால் உறிஞ்சி எடுத்துவிட்டு, முத்திரை பிரிக்காத புதுப் புட்டியிலிருந்து ஊற்றினார். மாஸ்டர் பம்புக்கு மிகத் தூரமான இடது பின் சக்கரத்தில் தொடங்கினோம். அங்குள்ள சின்னக் குமிழில் கண்ணாடி போன்ற குழாயை மாட்டி, மறுமுனையைக் கொஞ்சம் எண்ணெய் ஊற்றிய போத்தலில் முக்கி வைத்தார்.

"மிதி." மெதுவாக மிதித்தேன். "பிடி." அழுத்தியபடி வைத்திருந்தேன். குமிழைக் கால் சுற்று திறந்தார், மிதி தானாக இறங்கியது. குமிழை மூடிய பிறகுதான் "விடு" என்றார். மூடுமுன் காலை எடுத்தால் காற்று உள்ளே போய்விடும். மிதி அடிவரை போகாமல் இருக்க அதன் கீழே ஒரு மரத்துண்டு. பழைய காரில் பம்பின் ரப்பர், இதுவரை தொடாத துருப்பிடித்த பகுதியில் உரசிக் கிழியக்கூடும் என்பது மாமாவின் கணக்கு.

சாயம் கூடிய தேத்தண்ணீர் போல வந்த எண்ணெய், மெல்ல வெளிர்மஞ்சளாகத் தெளிந்தது. ஆனால், நிறத்தை மட்டும் நம்பக் கூடாது, கலந்த தண்ணீர் கண்ணுக்குத் தெரியாது. நாலைந்து மிதிக்கு ஒருமுறை தொட்டியை நிரப்பினோம். அது வற்றினால் காற்று புகுந்து, எல்லாவற்றையும் முதலிலிருந்து தொடங்க வேண்டியதுதான். சாயத்தில் சிந்திய துளிகளை உடனே தண்ணீர் விட்டுக் கழுவினோம், இந்த எண்ணெய் சாயத்தை அரித்துவிடும். பழைய எண்ணெயைக் கால்வாயில் ஊற்றாமல், கழிவெண்ணெய் வாங்கும் பட்டறையில் கொடுத்தோம். மாமா முதலில் தோட்டத்துக்குள்ளேயே மெதுவாக ஓட்டி, பல முறை நிறுத்திப் பார்த்தார். அதற்குப் பிறகுதான் அத்தை ஏறினார்.

எல்லாரும் இதை வீட்டில் செய்ய வேண்டும் என்பதில்லை. ஏபிஎஸ் உள்ள சில கார்களுக்குக் கணினிக் கருவி தேவைப்படும். சக்கரங்களின் வரிசையும் காருக்குக் கார் மாறும். கையேடு சொல்வதே சட்டம். பழக்கமில்லாதவர்கள் பட்டறையில் கொடுங்கள், ஆனால் 'ஊற்றி நிரப்புங்கள்' என்று சொல்லாதீர்கள், 'மாற்றுங்கள்' என்று சொல்லுங்கள். கையேட்டில் வேறு தவணை இல்லையென்றால் இரண்டு வருடத்துக்கு ஒருமுறை. டாட் 5 என்று மட்டும் எழுதியிருப்பது சிலிக்கோன் வகை. மற்றவற்றோடு அதைக் கலக்கவே கூடாது.

2013 ஆகஸ்டு 21-ஆம் தேதி கெந்திங் மலையிலிருந்து இறங்கிய பேருந்து பள்ளத்தில் விழுந்து 37 பேர் இறந்தார்கள். பெரிய பேருந்துகளின் பிரேக் அமைப்பு வேறு. ஆனால் மலை இறக்கம் எல்லா வண்டிக்கும் ஒன்றுதான். லோரி ஓட்டிய காலத்தில் மாமா கற்ற பாடம் இது: "எந்த கியர்ல ஏறுனியோ அந்த கியர்லயே இறங்கு." ஓட்டோ காராக இருந்தாலும் சின்ன கியருக்கு வழி உண்டு. இஞ்சின் பிடித்து நிறுத்தட்டும், பிரேக்குக்கு மூச்சுவிட இடம் கொடுங்கள்.

எண்ணெய் மாற்றிய தேதியை ஒரு துண்டு டேப்பில் எழுதி இஞ்சின் மூடியின் உட்புறம் ஒட்டி வையுங்கள். அடுத்த முறை யார் திறந்தாலும் கண்ணில் படும்.