பின்வாசலில் நின்ற லாரிகள்

"வல்லரசுகள் அணுகுண்டைப் பற்றி ஓயாமல் பேசுகின்றனவே, அந்தப் பேச்சில் உண்மை உண்டா?" என்று இராயபுரத்துப் படிப்பகம் ஒன்றில் இளைஞர் ஒருவர் என்னைக் கேட்டார். நான் தூதரகத்தின் படியேறியவனல்லன். ஐக்கிய நாடுகள் மன்றத்தை ஏட்டிலே மட்டும் கண்டவன். எனினும், பகை கொண்ட இருவர் ஒரே மேசையில் அமர்ந்து, புன்னகை பூத்து, பொழுது சாயும் வரை பேசியதைக் கண்ணாரக் கண்டிருக்கிறேன். கண்ட இடம் ஜெனிவா அன்று, திருவொற்றியூர்!

ஏறத்தாழ முப்பத்தைந்து ஆண்டுகளுக்கு முன் அங்கோர் இரசாயனத் தொழிற்சாலையில் நான் தொழிலாளி. பெயர் வேண்டா. கூலி உயர்வுப் பேச்சுக்குச் சென்ற சங்கக் குழுவிலே நானே இளையவன். குறிப்பேடு சுமப்பது என் பணி. அடடா, அன்று நிர்வாகத்தார் காட்டிய கனிவை என்னென்பேன்! தேநீர் வந்தது, பிஸ்கட் வந்தது. "நாமெல்லாம் ஒரே குடும்பம்" என்றார் மேலாளர். அவருக்கு நாங்கள் இட்டிருந்த பெயர் எம்டன். 1914 செப்டம்பர் 22 இரவில் சென்னைத் துறைமுகத்து எண்ணெய்த் தொட்டிகளைச் சுட்டெரித்து மறைந்த ஜெர்மன் கப்பலின் பெயர், சூழ்ச்சிக்காரருக்கு ஆகுபெயராய் எங்கள் ஊர் வாயில் நிலைத்துவிட்டது. அந்த எம்டனே குடும்பம் என்கிறாரே என்று உள்ளம் குளிர்ந்தேன்.

மாலையில் வெளியே வந்தோம். பின்வாசலில் லாரிகள் வரிசை கட்டி நின்றன. கதவடைப்புக்கு முன் கிடங்கைக் காலி செய்துகொண்டிருந்தார்கள்! சங்கச் செயலாளர் என் தோளைத் தட்டி, "தம்பி, உள்ளே பேசினதை எழுதினது போதும். இனிமே லாரியை எண்ணி எழுது" என்றார்.

நாங்கள் மட்டும் உத்தமர்களா? இல்லை. அமைதி பேசிய அதே வாரத்தில் வேலைநிறுத்த நிதி திரட்டினோம்; வீட்டுக்கு வீடு அரிசி சேர்த்தோம். அவர்கள் நாவிலும் தேன், எங்கள் நாவிலும் தேன்.

அன்று முதல் எந்த நாட்டுத் தூதர் எங்கே கைகுலுக்கினாலும் என் கண் பின்வாசலைத்தான் தேடுகிறது. 1954 மார்ச் 1 அன்று பிக்கினித் தீவில் அமெரிக்கா வெடித்த ஹைட்ரஜன் குண்டின் சாம்பல், ஜப்பானிய மீன்பிடிக் கலம் ஒன்றின் மீது பொழிந்தது. கலத்திலிருந்த 23 பேரும் நோயுற்றனர். வானொலி இயக்குநர் குபோயாமா செப்டம்பரில் மாண்டார். வெடிச்சோதனைகளையேனும் நிறுத்துங்கள் என்று அந்த ஏப்ரலிலேயே நேரு வேண்டினார். ஒன்பது ஆண்டுகள் கழித்து, 1963 ஆகஸ்ட் 5 இல், மாஸ்கோவில் மூன்று வல்லரசுகள் கையொப்பமிட்டன. வானில் வெடிக்கலாகாது, விண்வெளியில் ஆகாது, கடலுக்கடியில் ஆகாது! மண்ணுக்கடியில்? அந்தப் பின்வாசலை அடைக்கவில்லை. அதன் வழியே சோதனைகள் தொடர்ந்தன. ஆயினும் காற்றில் கலந்த நஞ்சு பெரிதும் குறைந்தது என்பதை மறைப்பது நேர்மையாகாது.

லாரியை எண்ணும் வேலையை அவர்களும் ஒருமுறை செய்தார்கள். 1987 உடன்படிக்கையின்படி ரஷ்யாவின் வோட்கின்ஸ்க் ஏவுகணைத் தொழிற்சாலை வாசலில் அமெரிக்கர் காவலிருந்தனர். யூட்டா மாநிலத்து மாக்னா தொழிற்சாலை வாசலில் சோவியத்தார் காவலிருந்தனர். 2,692 ஏவுகணைகள் அழிக்கப்பட்டன. 2019 இல் அந்த உடன்படிக்கையும் மாண்டது என்பது வேறு கதை. ஆனால், நம்பிக்கை பிறந்ததாலா அவ்வளவும் அழிந்தன? ஐயம் தீராததால், ஐயத்துக்கே ஒரு நாற்காலி போட்டு வாசலில் அமர்த்தியதால்!

இனி நம் வீட்டுக்கு வருவோம். 1999 பிப்ரவரி 21 இல் லாகூரில் வாஜ்பாயியும் நவாஸ் ஷெரீப்பும் அணு ஆபத்தைக் குறைப்போம் என்று கையொப்பமிட்டார்கள். மே மாதம் கார்கிலில் போர்! மலைமீது படை ஏறிக்கொண்டிருந்தபோது மேசையில் மை உலர்ந்துகொண்டிருந்தது. பேச்செல்லாம் பொய்யென்று சொல்ல இதைவிடச் சான்று வேண்டுமா?

வேண்டும் என்பேன். காரணம், அந்தத் தொழிற்சாலையின் அமோனியாத் தொட்டி.

பேச்சு முறிந்தது, கதவடைப்பு வந்தது, கல் பறந்தது, தடியும் சுழன்றது. ஆனால் முதல் நாளே ஒரு தாளில் இருதரப்பும் ஒப்பமிட்டிருந்தோம். முறைக்கு இருவராக எங்கள் ஆட்கள் உள்ளே சென்று தொட்டியைக் காக்கவேண்டும். நிர்வாகம் வழிவிட வேண்டும். கதவு மூடியிருந்த நாளெல்லாம் அந்தத் தாளை ஒருவரும் மீறவில்லை. அன்பினாலா? அமோனியா கசிந்தால் அது யாருடைய மூக்கென்று பார்ப்பதில்லை. 2023 டிசம்பரில் எண்ணூர்க் கடற்குழாயில் கசிந்தபோது நள்ளிரவில் பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு ஓடியவர்களுக்கு அதை விளக்க வேண்டியதில்லை.

டெல்லிக்கும் இஸ்லாமாபாத்துக்கும் இடையிலும் அப்படியொரு தாள் உண்டு. ஒருவர் அணு நிலையத்தை மற்றவர் தாக்குவதில்லை என்று 1988 டிசம்பர் 31 இல், ராஜீவ் காந்தியும் பெனசீர் பூட்டோவும் அருகிருக்க, கையெழுத்தானது அது. 1992 முதல் ஆண்டுதோறும் சனவரி 1 அன்று இரு நாடுகளும் தம் அணு நிலையங்களின் பட்டியலை மாற்றிக்கொள்கின்றன. கார்கிலுக்குப் பின்னும் நிற்கவில்லை. 2025 மே மாதம் இருபுறமும் ஏவுகணைகள் பறந்தன. 2026 சனவரி 1 அன்று 35 ஆவது முறையாகப் பட்டியல் கை மாறியது. இராயபுரத்துக்குத் தெற்கே கல்பாக்கத்தில் உலை எரிகிறது. அதன் காற்றுக்கும் எல்லைக்கோடு தெரியாது. அவர்கள் உள்ளத்தில் உண்மை இருக்கிறதோ இல்லையோ, அச்சத்தில் இருக்கிறது. அச்சம் இருவருக்கும் சமமாக இருக்கும் இடத்தில் மட்டும் தூதர்களின் சொல்லை நான் நம்புகிறேன்.

சமமில்லாத இடத்தில்? அதே சனவரி 1 அன்று இன்னொரு பட்டியலும் கை மாறுகிறது. கடலில் கோடு தாண்டிப் பிடிபட்டு, எதிரி நாட்டுச் சிறையில் கிடக்கும் மீனவர்களின் பட்டியல். 2008 ஒப்பந்தப்படி சூலை 1 அன்றும் அதை மாற்றிக்கொள்கிறார்கள்.

இதைக் காசிமேட்டில் சொல்லிக்கொண்டிருந்தேன். வலை பின்னிக்கொண்டிருந்த தோழர் ஒருவர் ஊசியை நிறுத்திவிட்டுக் கேட்டார்: "அந்த லிஸ்ட்டுல பேர் வந்துட்டா, எத்தினி நாள்ல வுடுவாங்கண்ணே?"