அண்ணரும் விளையாட்டுச் சுட்டியும்

விளையாட்டுப் பொருள் என்றால் நம்மவர் வீடுகளிலே பெரியவர்களுக்கு ஓர் இளக்காரம் உண்டு. பரீட்சை நெருங்கும் காலத்தில் அது அலுமாரிக்குள் போய்விடும். பரீட்சை முடிந்த பின்னும் அலுமாரித் திறப்பு இலகுவில் அகப்படாது. கணினி விளையாட்டுக்காரருக்கெனச் செய்யப்படும் சுட்டியையும், அதாவது 'மவுஸ்' என்னும் சாதனத்தையும், அந்த வரிசையிலேயே பலர் வைத்து எண்ணுவர். அதிலே மினுங்கும் வர்ண விளக்குகளும் அவ்வெண்ணத்துக்குத் துணைபோகின்றன. எனினும் அத்தகைய சுட்டியொன்று எம் அண்ணருக்கு உதவிய விதத்தை வாசகர்க்குச் சொல்லவே இன்று முற்பட்டோம்.

அண்ணர் இளைப்பாறிய கணித ஆசிரியர். மூன்று ஆண்டுகளுக்கு முன் பாரிசவாதம் கண்டு, அவரது வலக்கை செயலிழந்தது. மகள் கனடாவிலே இருக்கின்றாள். ஞாயிறுதோறும் அவளுக்கு மின்னஞ்சலிலே ஒரு கடிதம் எழுதுவது அவர் வழக்கம். ஊர்ச் செய்திகளைப் பத்திரிகைகளின் இணையப் பக்கங்களிலிருந்து தெரிந்தெடுத்துக் கடிதத்தில் ஒட்டி, ஒவ்வொன்றின் கீழும் தம் கருத்தையும் சேர்ப்பார். இரு கையுடையார்க்கு இஃதொரு வேலையன்று. ஒரு கை சுட்டியில் இருக்க, மறு கை விசைப்பலகையிலே 'கொன்ட்ரோல்' விசையையும் 'சி' விசையையும் அழுத்திவிடும். ஒரே கையை உடையவரோ சுட்டியை விட்டு விசைப்பலகைக்குப் போகவேண்டும். போன கை மீண்டும் சுட்டிக்கு வரவேண்டும். வருவதற்குள் விட்ட இடம் தவறிப்போகும். இரு விசைகளை ஒருங்கே அழுத்தாமல் ஒன்றன்பின் ஒன்றாக அழுத்தும் வசதி கணினியிலேயே உண்டு. அதையும் அமைத்துப் பார்த்தோம். அது விரல்களின் சிரமத்தைக் குறைத்ததேயன்றிக் கையின் அலைச்சலைக் குறைக்கவில்லை.

சுட்டி என்பது பிறந்த காலந்தொட்டே இரு கைகளை எதிர்பார்த்த சாதனம். 1968 டிசம்பர் 9 ஆம் திகதி சான் பிரான்சிஸ்கோ நகரிலே டக்ளஸ் ஏங்கல்பார்ட் அதனை அறிஞர் சபைக்குக் காட்டியபோது, வலக்கையிலே மூன்று பொத்தான்கள் கொண்ட சுட்டியும், இடக்கையிலே ஐந்து கட்டைகள் கொண்ட வேறொரு கருவியுமாகவே அமர்ந்திருந்தார். 1964 இல் அமைந்த முதலாவது சுட்டிக்குப் பொத்தான் ஒன்றே. 1983 இல் அப்பிள் நிறுவனம் தன் லிசா கணினிக்கு மீண்டும் ஒற்றைப் பொத்தானையே வைத்தது. பின்னர் விளையாட்டுக்காரர் வந்தனர், பொத்தான்கள் பெருகின. 2009 இல் வெளிவந்த ரேசர் நாகா என்னும் சுட்டியிலே கட்டைவிரலுக்கு மட்டும் 12 பொத்தான்கள்! ஒரு விரலுக்கு இத்தனை வேலையா என்று எவரும் வியப்பர்.

அண்ணரின் மகன், எமக்குப் பெறாமகன், தான் விளையாடிக் கைவிட்ட சுட்டியைக் கொணர்ந்து, "சித்தப்பா, இது இடக்கைக்கும் பொருந்தும்" என்றான். இருபுறமும் ஒத்த வடிவம். இருபுறமும் இவ்விரண்டு பொத்தான்கள். அதற்குரிய மென்பொருளைத் திறந்தால் திரையிலே சுட்டியின் படம் தோன்றும். ஒரு பொத்தானைத் தொட்டு, அதற்கு வேண்டிய தொழிலைப் பட்டியலிலிருந்து தெரிவு செய்தலே முறை.

முதலில் இட வலப் பொத்தான்களை ஒன்றுக்கொன்று மாற்றினோம். கட்டைவிரல் படும் பொத்தான்களில் முன்னதற்குப் பிரதியெடுத்தலையும் பின்னதற்கு ஒட்டுதலையும் கொடுத்தோம். சக்கரத்தை அழுத்தினால் இருமுறை சொடுக்கியதாகும். விரைந்து இருமுறை அழுத்த அவரது இடக்கை இன்னும் பழகவில்லை. சக்கரத்தின் பின்னுள்ள பொத்தான் வேகத்தை மாற்றுவது. அங்குலத்துக்கு 1600 என்றிருப்பது 400 ஆகும். அம்பு கால்பங்கு வேகத்தில் ஊர்ந்து, இரண்டு எழுத்துகளுக்கு நடுவே சரியாய்ப் போய் நிற்கும். குறிபார்த்துச் சுடும் விளையாட்டுக்கெனச் செய்த ஏற்பாடு, நடுங்கும் கைக்கு இத்துணை பொருந்தியது கண்டு வியந்தோம். மறுபுறத்துப் பொத்தான்கள் இரண்டும் சுண்டுவிரல் தவறுதலாய்ப் பட்டுத் தொல்லை தந்தமையால், அவற்றைச் செயலற்றவையாக்கினோம். அதற்கும் பட்டியலில் இடமுண்டு.

ஓர் இடையூறும் நேர்ந்தது. மென்பொருள் ஒருநாள் தன்னைத் தானே புதுப்பித்துக்கொண்டு, கணக்குத் திறந்து உள்ளே வா என்றது. அதுவரை பொத்தான்கள் பழைய தொழிலுக்கே திரும்பிவிட்டன. அண்ணர் அரை மணி நேரம் மௌனமாய் இருந்தார். ஒரு முதியவரின் கையைத் திறந்துவிடக் கடவுச்சொல் கேட்பது எந்த நியாயத்தில் சேரும்? நல்வேளையாக அச்சுட்டியின் உள்ளேயே சிறு நினைவகம் இருந்தது. அமைப்புகளை அதிலே பதித்தபின் மென்பொருள் ஓடினாலென்ன, ஓடாவிட்டாலென்ன? எம் வீட்டுக் கணினியிலே செருகினாலும் அதே பொத்தான்கள் அதே வேலையைச் செய்கின்றன. இத்தகைய சுட்டியை வாங்க எண்ணுவோர் விளக்குகளை விடுத்து, நினைவகம் உண்டா என்றே முதலிற் கேட்பாராக.

'மாக்ரோ' என்றொன்றும் உண்டு. பல விசையழுத்தங்களை, அவற்றின் இடைவெளி நேரத்தோடு பதிந்து ஒரே பொத்தானில் ஏற்றிவிடலாம். போட்டி விளையாட்டுகளிலே இது பெருவழக்கு. கவுண்டர்-ஸ்ட்ரைக் 2 விளையாட்டை நடத்தும் வால்வ் நிறுவனம், வீரரின் திறமைக்குப் பதிலாய் இயங்கும் இத்தகைய தன்னியக்க ஏற்பாடுகள் சிலவற்றை 2024 ஆகஸ்டில் விலக்கியது. அதுவே முறை என்பது எம் எண்ணம். ஆனால் கடிதம் எழுதுவது போட்டியன்றே!

ஆகவே நாம் கேட்டோம்: "அண்ணை, 'அன்பு மகளுக்கு' எண்டது ஒவ்வொரு கிழமையும் எழுதுறதுதானே. அதையும் பொத்தானிலை ஏத்திவிடட்டோ?"

அண்ணர் திரையை விட்டுக் கண்ணெடுக்கவில்லை. "வேண்டாம் தம்பி. அதை நானே எழுதுறன்."

அவ்விரு சொற்களுக்கும் இடக்கையின் ஒற்றை விரலால் ஒரு நிமிடத்துக்கு மேல் செல்லும். இடையிலே ஓர் எழுத்துப் பிழைத்தால் இன்னும் கூடும். நாம் கதிரையில் சாய்ந்து காத்திருந்தோம். எழுதி முடித்தபின் அவரே திரும்பி, சக்கரத்தை இடப்புறம் சரித்தால் எழுத்து அழியும்படி செய்து தரமுடியுமா என்று கேட்டார். அன்றே செய்து கொடுத்தோம்.