திண்டுக்கல்லுக்கு வந்த கடல் உப்பு

திண்டுக்கல்லுக்குக் கடல் கிடையாது. திண்டைப் போட்டு வைத்தாற்போல் ஒரு மொட்டைப் பாறை, அதன் தலையில் நாயக்கர் காலத்துக் கோட்டை, கிழக்கே சிறுமலை, மேற்கே கொடைக்கானல் மலைத்தொடர், இடையில் முருங்கையும் சின்ன வெங்காயமும் விளைகிற வறண்ட சமவெளி. இராமேசுவரம் கடலில் கால் நனைக்க வேண்டுமென்றால் மதுரையைத் தாண்டி இருநூறு கிலோமீட்டருக்கு மேல் பிரயாணம் செய்ய வேண்டும்.

ஆனாலும் இரும்பைப் பற்றி இந்த ஊர்க்காரர்களுக்கு யாரும் பாடம் சொல்லித்தர வேண்டியதில்லை. பூட்டு செய்து பெயர் வாங்கிய ஊர் அல்லவா? 2019-ல் திண்டுக்கல் பூட்டுக்குப் புவிசார் குறியீடும் கிடைத்தது. நாகல்நகர்ப் பக்கம் ஒரு பட்டறை வாசலில் உட்கார்ந்து மாங்காய்ப் பூட்டுக்கு அரம் போட்டுக் கொண்டிருந்த பெரியவரிடம் துருவைப் பற்றிப் பேச்சுக் கொடுத்தேன்.

"மேலே துரு வந்தா பூட்டு அசிங்கமா இருக்கும், தம்பி, அவ்வளவுதான். உள்ளே லீவர்ல வந்துச்சுன்னா சாவி திரும்பாது. வாங்குறவங்க மேலேதான் பார்ப்பாங்க" என்றார்.

எனக்கு உடனே என் அத்தை வீட்டு ஜீப்தான் ஞாபகத்துக்கு வந்தது.

அத்தைக்குச் சிறுமலையில் கொஞ்சம் வாழைத் தோட்டம் உண்டு. தார்ச் சாலையை விட்டு இறங்கித் தோட்டத்துக்குப் போகிற மண்பாதையில், மழைக் காலத்தில் நான்கு சக்கரமும் சேர்ந்து இழுக்கிற ஜீப்பைத் தவிர வேறொன்றும் ஏறாது. ஆகவே தன் இரட்டை வடச் சங்கிலியை அடகு வைத்து, மகனுக்கு ஒரு பழைய ஜீப் வாங்கிக் கொடுத்தாள். போன வருஷம் கோடை விடுமுறையில் பிள்ளை குட்டிகளை ஏற்றிக்கொண்டு பழனி, பொள்ளாச்சி, பாலக்காடு வழியாகக் கேரளத்துக்குக் கிளம்பினான் அத்தான். கண்ணூருக்கும் தலச்சேரிக்கும் நடுவே முழப்பிலங்காடு என்று ஒரு கடற்கரை. மணல் இறுகிக் கெட்டியாக இருப்பதால் சுமார் நான்கு கிலோமீட்டர் தூரத்துக்கு அலை ஓரமாகவே வண்டி ஓட்டலாம். குழந்தைகள் கூச்சலிட, அத்தான் அலைக்குள்ளேயே இரண்டு சக்கரத்தை விட்டு ஓட்டினானாம். வீடு திரும்பியதும் முகப்பை மட்டும் பளபளவென்று துடைத்து, கொட்டகையில் நிறுத்தித் தார்ப்பாயைப் போட்டு மூடிவிட்டான்.

ஐப்பசியில் முதல் மழை பெய்தது. சிறுமலைக்குக் கிளம்பலாம் என்று ஏறி உட்கார்ந்தால், காலடித் தகடு 'பொதுக்'கென்று உள்ளே போயிற்று. டிங்கர் வேலை செய்பவர் அடியில் படுத்துச் சுத்தியலால் தட்ட, உள்ளங்கை அகலத்துக்கு ஒரு துண்டு அப்பளம் போல் உதிர்ந்தது. முன்பே லேசாக அரித்திருந்த இடம்தான். கடல் வந்து காரியத்தை முடித்துவிட்டது. வாழைத்தார் இறக்க வேண்டிய மூன்று வாரமும் ஜீப் ஒர்க்‌ஷாப்பில் கிடந்தது. சங்கிலி இன்னும் அடகுக் கடையிலேதான் இருக்கிறது.

"நம்ம ஊர் காய்ந்த ஊர்தானே, இங்கே எப்படித் துரு வரும்?" என்று அத்தான் கேட்டான். அத்தையின் அடுப்படியிலேயே இதற்குப் பதில் இருக்கிறது. மழை நாளில் கல்லுப்பு ஜாடியைத் திறந்து பாருங்கள்; யாரும் தண்ணீர் ஊற்றாமலேயே உப்பு கசிந்திருக்கும். கடல் உப்பில் கலந்திருக்கும் மக்னீசிய உப்பு இன்னும் பேராசைக்காரன். காற்றில் சற்று ஈரம் இருந்தாலே இழுத்துக்கொள்ளும். இரும்பு துருப்பிடிக்க நீரும் பிராணவாயுவும் போதும். உப்பு சேர்ந்தால் அந்த நீரில் மின்சாரம் சுலபமாக ஓடி, அரிப்பு பல மடங்கு வேகமெடுக்கிறது. துரு, இரும்பை விட அதிக இடத்தை அடைத்துக்கொள்வது. அதனால்தான் பெயிண்ட் முதலில் கொப்புளிக்கிறது, பிறகு உரிகிறது.

கடலோடு வாழ்கிறவர்களுக்கு இது புதுச் செய்தியல்ல. பாம்பனில் 1914-ல் திறந்த ரயில் பாலத்தை வர்ணம் பூசிப் பூசித்தான் காப்பாற்றி வந்தார்கள். அப்படியும் 2022 டிசம்பரில் அதன்மேல் ரயில் போவதை நிறுத்த வேண்டியதாயிற்று. 2025 ஏப்ரல் 6-ந் தேதி திறந்த புதுப் பாலத்தில் துருவேறாத எஃகுக் கம்பிகளும் விசேஷப் பூச்சும் சேர்த்திருக்கிறார்கள். தனுஷ்கோடிக்கு அரிச்சல்முனை வரை சாலை வந்தது 2017-ல்தான். அதற்கு முன்னால் யாத்ரிகர்களை ஏற்றிக்கொண்டு மணலிலும் கடல்நீரிலும் போய்வந்த வேன்களின் அடிப்பக்கத்தைக் கண்டவர்களுக்கு நான் மேலே சொல்லத் தேவையில்லை.

சரி, வண்டியை என்ன செய்யலாம்? கழுவ வேண்டும், அதுவும் அன்றைக்கே. வீடு வரும் வரை காத்திருக்காமல் கடற்கரையை விட்டு ஏறியதும், முதலில் கண்ணில் படும் வாட்டர் சர்வீஸில் அடிப்பக்கத்தைக் கழுவச் சொல்வது உத்தமம். சூடான பிரேக்கில் உடனே தண்ணீரைப் பீய்ச்ச வேண்டாம். ஒரு காபி சாப்பிட்டு வரட்டும். நம் கண்ணுக்குத் தெரியாத இடங்கள்தாம் முக்கியம். மட்கார்டின் உள்மடிப்பு, பட்டை பட்டையாக அடுக்கிய ஸ்பிரிங்கின் இடுக்கு, கதவின் அடியிலுள்ள சிறு வடிகால் துளைகள், எல்லாவற்றையும் விட சேஸிஸ். பெட்டிபோல் உள்ளே கூடாக இருக்கும் இந்த இரும்புச் சட்டத்துக்குள் உப்பு மணல் புகுந்துகொண்டால் லேசில் வெளியே வராது. அதிலுள்ள ஓட்டைகள் வழியே குழாயை விட்டு, தெளிந்த தண்ணீர் வடியும் வரை கழுவ வேண்டும். ஆனால் சக்கரத்தின் பேரிங்கிலும் மின்சார இணைப்புகளிலும் வேகமாகப் பீய்ச்சக் கூடாது.

இன்னொரு விஷயம் வாசகிகளுக்கு மட்டும். ஜீப்புக்குள் உப்பைக் கொண்டு வருவது அலையல்ல, நாம்தான். நனைந்த புடவைக் கரை, குழந்தைகளின் செருப்பு, சிப்பி பொறுக்கிய பை, இவற்றிலிருந்து சொட்டுவதெல்லாம் மிதியடிக்கு அடியில் போய்த் தேங்குகிறது. அத்தை வீட்டு ஜீப்பின் தகடு மேலிருந்தும் அரித்திருந்தது. மிதியடிகளை எடுத்து வெயிலில் போட்டு, கீழே ஈரத் துணியால் இரண்டு தரம் துடைத்தால் போதும்.

திண்டுக்கல்லில் கழுவுவது என்பது சுலபமல்ல. தோலைக் கெடாமல் வைப்பதற்கு உப்புத்தான் போடுவார்கள். தோல் பதனிடும் தொழிற்சாலைகளின் கழிவுநீர் இறங்கி, அந்தப் பக்கத்துக் கிணறுகள் வெகு காலமாகவே உப்புக் கரிக்கின்றன. நல்ல தண்ணீர் ஆத்தூர் காமராஜர் அணை போன்ற இடங்களிலிருந்து குழாயில் வரவேண்டும். ஒர்க்‌ஷாப்பிலிருந்து வந்த ஜீப்பை அத்தான் அந்தத் தண்ணீரிலேயே கழுவப் போனான். அத்தை வாசலில் வந்து நின்றாள்.

"ஏண்டா, உப்புத் தண்ணியில ஆட்டம் போட்டது நீ. குடிதண்ணியில குளிக்கிறது உன் ஜீப்பா?"

நியாயமான கேள்விதான். இருவரையும் சமாதானப்படுத்த நான் ஒரு கணக்குப் போட்டேன். கடல்நீரில் லிட்டருக்குச் சுமார் 35 கிராம் உப்பு. கிணறு எவ்வளவு கரித்தாலும் அந்த அளவுக்கு உப்பு இருக்காது. ஆகவே மணலையும் கடல் உப்பையும் அடித்துத் தள்ளக் கிணற்று நீர் தாராளமாகப் போதும். கடைசியாக அலசி விடுவதற்கு மட்டும் இரண்டு குடம் நல்ல தண்ணீர். மழை நீரைப் பிடித்து வைத்திருந்தால் அதுவும் வேண்டாம். அத்தை இரண்டு குடத்துக்குச் சம்மதித்தாள்.

கழுவியதும் தார்ப்பாயைப் போட்டு மூடுவது பெரும் பிசகு. ஈரம் உள்ளேயே வெந்துகொண்டிருக்கும். கொஞ்ச தூரம் ஓட்டி, இரண்டு மூன்று தரம் பிரேக்கை மிதித்து, காற்றாட நிறுத்த வேண்டும். நன்றாகக் காய்ந்த பிறகே சட்டத்துக்குள் மெழுகு கலந்த தடுப்பு எண்ணெயைப் பீய்ச்சலாம். உப்பு இருக்கும்போதே மேலே கறுப்புப் பூச்சு அடித்துவிட்டால், திருடனை வீட்டுக்குள் வைத்துப் பூட்டியதுபோல் ஆகிவிடும். பழைய என்ஜின் ஆயிலை அடியில் அடிக்கிற வழக்கமும் உண்டு. எனக்கு அது சம்மதமில்லை. ரப்பர் புஷ்கள் ஊறிக் கெட்டுப்போகும்; சொட்டுகிற எண்ணெய், ஏற்கெனவே நொந்து கிடக்கும் நிலத்தில்தான் இறங்கும்.

முன்னமே பிடித்த துருவுக்கு என்ன மருந்து? இங்கே திண்டுக்கல்லின் தோல் தொழிலே ஒத்தாசைக்கு வருகிறது. தோல் பதனிட ஆவாரம்பட்டையும் கடுக்காயும் போடுவார்களே, அவற்றில் உள்ள துவர்ப்புச் சத்து இரும்போடு சேர்ந்தால் கறுநீலமாகும். வாழைக்காய் நறுக்கிய இரும்புக் கத்தி கறுப்பதும் இதே சங்கதிதான். துருவை மாற்றும் திரவம் என்று கடையில் விற்பவை பலவற்றிலும் இந்த டானிக் அமிலம் இருக்கிறது. உதிரும் துருவைக் கம்பித் தூரிகையால் சுரண்டிவிட்டு அதைப் பூசினால், மிச்சமுள்ள சிவப்புத் துரு கறுத்து இறுகும். அதன்மேல் பெயிண்ட் நிற்கும். ஓட்டை விழுந்த தகட்டை இது அடைக்காது. அதற்கு வெல்டிங்தான்.

அத்தானின் ஜீப்பில் இப்போது புதுத் தகடு இருக்கிறது. குழந்தைகள் மறுபடியும் கடலுக்குப் போகவேண்டும் என்று பிடிவாதம் பிடிக்கிறார்கள். "தாராளமாப் போங்க. பாலக்காடு வரைக்கும் பஸ்ஸு, அங்கேயிருந்து ரயிலு" என்று சொல்லிவிட்டு, அத்தை ஜீப் சாவியை முந்தானையில் முடிந்துகொண்டாள்.