கந்தேசாவின் சிவப்பு வைன்

சில ஆண்டுகளுக்கு முன்னர் நண்பர் ஒருவர் வீட்டு விருந்தில் எம்முன்னே ஒரு போத்தல் வைக்கப்பட்டது. ஸ்பெயின் நாட்டுச் சிவப்பு வைன். அதன் நிறத்தைப் பற்றியும் மணத்தைப் பற்றியும் அங்கிருந்தோர் நெடுநேரம் உரையாடினர். அதனை ஆக்கியோர் யாரென எவரும் கேட்டிலர்; நாமும் கேட்டிலோம். விருந்து முடிந்து எழுகையில்தான் போத்தலின்மீது ‘கந்தேசாக் கூட்டுறவு’ என்ற சொற்கள் எம் கண்ணிற் பட்டன. கூட்டுறவைப் பற்றி மேடைதோறும் பேசிய எமக்கு அப்பொழுது வெட்கமாயிருந்தது. பின்னர் பார்சிலோனாவுக்குச் செல்லும் வாய்ப்புக் கிட்டியபோது கந்தேசாவுக்கும் சென்று வந்தோம்.

எப்ரோ நதிக்கு மேற்கே, கத்தலோனியாவின் தென்பகுதியில், ‘உயர்நிலம்’ எனப் பெயர் கொண்ட மேட்டுப் பிரதேசத்தின் தலைநகர் அவ்வூர். மழை குறைவு, வெயில் கடுமை. திராட்சையும் ஒலிவமும் வாதுமையும் அம்மண்ணின் விளைவுகள். கர்னாச்சா, கரிஞேனா என்னும் கருந்திராட்சை வகைகளிலிருந்தே பெரும்பாலும் அங்குச் சிவப்பு வைன் பிறக்கிறது.

திராட்சைக்கு ஒரு குணமுண்டு, அது காத்திராது. நெல்லை மூடையிலிட்டு நல்ல விலை வரும்வரை வைத்திருக்கலாம். கொய்த திராட்சையையோ உடனே பிழிந்தாக வேண்டும். பிழியும் பொறியும் புளிக்கவைக்கும் தொட்டியும் இல்லாத சிறு விவசாயி, வியாபாரி சொன்ன விலைக்குத் தலையசைப்பதன்றி வேறென் செய்வான்? போதாக்குறைக்கு, பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில், அமெரிக்காவிலிருந்து ஐரோப்பாவுக்கு வந்த பைலொக்சரா என்னும் சிறு பூச்சி கொடிகளின் வேரை உறிஞ்சி அழித்தது. அமெரிக்கக் கொடியின் வேரிலே உள்நாட்டுக் கொடியை ஒட்டி, தோட்டங்களை மீண்டும் உண்டாக்க வேண்டியதாயிற்று.

தனியொருவனுக்கு எட்டாத தொட்டியைப் பலர் சேர்ந்து கட்டலாம் என்ற எளிய உண்மையே கூட்டுறவாயிற்று. 1919ஆம் ஆண்டில் கந்தேசாவின் உழவர்கள் தமது வைன் கூடத்தைக் கட்டும் பணியைச் செசார் மார்ட்டினெல் என்னும் இளைஞரிடம் ஒப்படைத்தனர். புகழ்பெற்ற கட்டடக் கலைஞர் கௌடியின் வழிவந்தவர் அவர். முதலாம் உலகப் போரினால் இரும்பின் விலை ஏறியிருந்த காலம் அது. மெல்லிய செங்கற்களை அடுக்கி வளைவுகளையும் கூரையையும் எழுப்பினார். உள்ளே காற்று உலாவ வழி சமைத்தார். அவர் அமைத்த இத்தகைய கூடங்களை ‘வைனின் பேராலயங்கள்’ என்று இன்று பயணிகள் வியக்கின்றனர். நாமும் அண்ணாந்து பார்த்து வியந்தோம். ஆனால் ஏழை உழவனுக்கு வேண்டியிருந்தது கோபுரத்தின் உயரமன்று. தன் பழம் அழுகுமுன் அதனை ஏற்றுக்கொள்ளும் ஒரு தொட்டி. அதை மறந்து வளைவுகளை மாத்திரம் போற்றுதல், விருந்து மேசையில் நாம் செய்த பிழையை மீண்டும் செய்வதாகும்.

1938 ஏப்பிரலில் பிராங்கோவின் படைகள் கந்தேசாவைக் கைப்பற்றின. ஜூலை 25ஆம் நாள் இரவிருளில் குடியரசுப் படையினர் எப்ரோவைக் கடந்து ஊரின் எல்லைவரை வந்தனர், உட்புக இயலவில்லை. பல நாடுகளிலிருந்து வந்த தொண்டர்களும் அக்குன்றுகளில் மடிந்தனர். ஏறத்தாழ நான்கு மாதம் நீடித்த அப்போரில் குடியரசு தோற்றது. அயலூரான கொர்பேராவின் பழைய பகுதி இன்றும் இடிந்தபடியே நினைவுச் சின்னமாய் நிற்கிறது. போர் முடிந்தபின் அப்பகுதி மக்கள் வயல்களிற் சிதறிய குண்டுச் சில்லுகளைப் பொறுக்கி, பழைய இரும்பாக விற்று வயிறு கழுவினர். 1942ஆம் ஆண்டுச் சட்டம் ஸ்பெயினின் கூட்டுறவுச் சங்கங்களை ஆட்சியாளரின் கண்காணிப்பின்கீழ்க் கொண்டுவந்தது. சுதந்திர மனிதர் கூடிக் கட்டிய வீட்டுக்கு வேறொருவன் காவற்காரனானான்.

ஆயினும் கொடிகள் மீண்டும் நடப்பட்டன. பிராங்கோ 1975இல் மறைந்தான், கூட்டுறவு நிலைத்தது. நாம் சென்ற நாளில் ஒரு மூதாட்டி பிளாஸ்டிக் கலனொன்றை ஏந்தி வந்து, அன்றாடத் தேவைக்கு வைன் நிரப்பிச் சென்றார். அண்ணாந்து பாராமலே சென்றார். அக்கூடம் அவருக்குப் பேராலயமன்று. தம் மக்களின் உழைப்பு வந்து சேரும் களஞ்சியம்.

இனி எவ்விருந்திலேனும் அத்தகைய போத்தலொன்று எம்முன் வைக்கப்படுமாயின், நிறமும் மணமும் பேசப்படுமுன் அன்று கேளாது விட்ட கேள்வியை நாமே கேட்போம்.