கோடிக்கரையில் ஒரு பழைய விளக்கம்

எங்கள் கீழ்வேளூரிலிருந்து கோடிக்கரை ஒன்றும் வெகு தூரமில்லை. நாகப்பட்டினம் போய் பஸ் மாறி, வேளாங்கண்ணி, திருப்பூண்டி வழியாக வேதாரண்யம். அங்கிருந்து இன்னொரு பஸ்ஸில் பத்துப் பதினோரு கிலோமீட்டர். ஆனாலும் அடுப்படியை விட்டுக் கிளம்புவதென்றால் நமக்கு எல்லா ஊரும் தூரம்தானே! நான் அங்கே போனது இரண்டே தடவை.

முதல் தடவை 2004-ஆம் வருஷம், தை அமாவாசைக்கு. அன்று கோடிக்கரையில் கடலாடுவது எங்கள் பக்கத்து வழக்கம். எனக்குக் கல்யாணமான புதுசு. குளித்து முடித்து ஈரப் புடவையைப் பிழிந்துகொண்டு வரும்போது, மணலில் ஒரு செங்கல் கோபுரம் பாதி இடிந்து நின்றது. மாமியார் நிறுத்தினார். "சோழ ராசா காலத்து விளக்கம், புள்ள. ராத்திரி உச்சியில தீ மூட்டி வைப்பாங்களாம். தொட்டுப் பாரு" என்றார். தொட்டேன். 'பொன்னியின் செல்வ'னை இரண்டு முறை படித்தவள் நான். பூங்குழலியின் அப்பா தியாகவிடங்கர் காத்த விளக்கம் இதுதானோ என்று உடம்பு சிலிர்த்தது.

இவர் காமிராவில் இரண்டு படம்தான் மிச்சம் இருந்தது. "வேதாரண்யம் கோயிலில் எடுத்துக்கலாம், இது எங்கே ஓடிப் போகப் போகுது?" என்று சொன்னவள் நானேதான்.

அதே வருஷம் டிசம்பர் 26-இல் சுனாமி வந்தது. தமிழ்நாட்டிலேயே அதிக உயிர்ப்பலி எங்கள் நாகை மாவட்டத்தில்தான். ஆறாயிரம் பேருக்கு மேல். அந்த அழுகுரலுக்கு நடுவே செங்கல் கோபுரத்தைப் பற்றி யார் விசாரிப்பார்கள்? அதுவும் அன்றே விழுந்துவிட்டது என்று எனக்குப் பல மாதம் கழித்துத்தான் தெரிந்தது.

இரண்டாவது தடவை போனது இந்தத் தை அமாவாசைக்கு. மாமியார் இப்போது இல்லை. அவருக்குத் தர்ப்பணம் கொடுக்க இவரும், வேடிக்கை பார்க்கக் காலேஜில் படிக்கும் மகளும் நானும். புளிசாதம், தயிர்சாதம், இரண்டு குடம் தண்ணீர் எடுத்துப் போனோம். நீங்களும் அப்படியே செய்யுங்கள். அங்கே நல்ல ஓட்டலை நம்பிப் போக முடியாது. சாப்பாட்டுப் பையைக் கீழே வைத்துவிடாதீர்கள், குரங்குகள் காத்திருக்கின்றன. எங்கள் அப்பளம் அப்படித்தான் போயிற்று.

இங்கே எதற்கு விளக்கு என்று மகள் கேட்டாள். வடக்கிலிருந்து நேராக இறங்கிவரும் கரை, இந்த முனையில் சட்டென்று மேற்கே திரும்பிவிடுகிறது. வங்கக் கடலும் பாக் நீரிணையும் சேரும் இடம், எதிரே இலங்கை. ஆழமில்லாத மணல்திட்டுக் கடல். இருட்டில் கரை தெரியாமல் வரும் கப்பல் தரைதட்டும். நாகையிலும் மாலுமிகளுக்கு அடையாளமாக இருந்த புத்த விகாரத்துப் பழைய செங்கல் கோபுரம் ஒன்று உண்டு. அதை 1867-இல் இடித்துவிட்டார்கள். கோடிக்கரையில் வெள்ளைக்காரர் 1902-இல் வைத்தது ஒரு விளக்கம். இப்போது கப்பல்களுக்கு வழிகாட்டுவது 1990-களின் கடைசியில் வந்த உயரமான கோபுரம், சுமார் 45 மீட்டர். ஒவ்வொரு கலங்கரை விளக்கமும் மின்னுகிற கணக்கு வேறு வேறாம். அதை எண்ணித்தான் மாலுமி ஊரைத் தெரிந்துகொள்வான். விசில் சத்தத்தை வைத்தே யார் வீட்டுக் குக்கர் என்று நாம் சொல்லிவிடுவதில்லையா, அந்த மாதிரி!

வழியில் வெளிமான்கள் கூட்டமாகப் பார்த்தோம். 1967 முதல் இது சரணாலயம். 2018 நவம்பரில் கஜா புயல் சாய்த்த மரங்களின் அடையாளம் இன்னும் அங்கங்கே தெரிகிறது. குளிர்காலத்தில் பூநாரைகள் வரும் என்றார்கள். எங்கள் கண்ணில் படவில்லை.

திரும்பும்போது வேதாரண்யத்தில் இறங்கினோம். 'வேதாரண்யம் விளக்கழகு' என்று சொல்வார்களே, அந்தக் கோயில்தான். நெய் குடிக்க வந்த எலி தெரியாமல் திரியைத் தூண்டிவிட, விளக்கு பிரகாசித்து, அந்தப் புண்ணியத்தில் எலி மகாபலிச் சக்கரவர்த்தியாகப் பிறந்ததாம். சந்நிதியில் நிற்கும்போது எனக்கு அந்தச் செங்கல் நினைவுதான். காலையில் கடற்கரையில் பார்த்தபோது அடிப்பாகம் மட்டும் கிடந்தது. மகள் அதையே செல்போனில் முப்பது படம் எடுத்தாள்.

"முழுசா இருந்தப்ப எவ்வளவு உயரம்மா?" என்றாள் பஸ்ஸில்.

தென்னைமர உயரம் என்றேன் நான். அவ்வளவெல்லாம் இல்லை, நம் வீட்டு மாடி அளவுதான் என்றார் இவர். கீழ்வேளூர் வரும்வரை இதே தர்க்கம். வீட்டுக்கு வந்ததும் மகள் பழைய ஆல்பத்தைப் புரட்டினாள். இரண்டு படமும் கோயில் வாசலில். ஒன்றில் மாமியார் கண்ணை மூடிக்கொண்டிருக்கிறார்.