பழைய பிரெஞ்சு நறுமணக் குப்பிகளும் விலையறியா விற்பனையாளரும்



நறுமணத்தின் மீது நம் சமுதாயத்துக்குள்ள பற்றைச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. ஜுமுஆ நாளில் குளித்து, அத்தர் பூசாமல் பள்ளிவாசலுக்குச் செல்பவர் நம்மில் குறைவு. ஆனால் அந்த மணத்தைக் காத்து வைத்திருந்த கண்ணாடியை நாம் உற்று நோக்குவதில்லை, தீர்ந்ததும் எறிந்துவிடுகிறோம். கணவனும் மனைவியுமாகிய நாங்கள், பாரிஸ் புறநகர்ப் பகுதிகளில் ஞாயிறுதோறும் கூடும் பழம்பொருள் சந்தைகளில், அவ்வாறு கைவிடப்பட்ட குப்பிகளைத் தேடிச் சேர்த்து வருகிறோம். இதிலென்ன இருக்கிறது என்று கேட்ட உறவினர்களுக்கும் நண்பர்களுக்கும் விடையாகவே இதை எழுதுகிறோம்.

எங்கள் பூர்விகம் காரைக்கால். 1954 வரை பிரெஞ்சு ஆட்சியில் இருந்த அவ்வூரிலிருந்து, அன்று பிரெஞ்சுக் குடியேற்றமாக இருந்த சைகோனுக்குச் சென்று வணிகம் செய்த முஸ்லிம்கள் பலர். தென்னிந்திய முஸ்லிம்கள் 1935இல் அங்கே எழுப்பிய பள்ளிவாசல் இன்றும் அந்நகரின் நடுவே நிற்கிறது. அவ்வாறு சென்று திரும்பிய எங்கள் பாட்டனாரின் பெட்டியில், பட்டுத்துணிக்குள் சுற்றியபடி கருநீலக் குப்பி ஒன்று கிடந்தது. அது 'சுவார் தெ பாரி'. பூர்ஷ்வா நிறுவனம் 1928இல் வெளியிட்டது. 'ஈவ்னிங் இன் பாரிஸ்' என்ற பெயரில் நம் நாட்டிலும் நன்கு விற்றது. உலகெங்கும் ஏராளமாக விற்ற சரக்காதலால் இன்றும் மலிவாகவே கிடைக்கிறது. குடும்பத்தில் இருப்பதாலேயே ஒரு பொருள் விலையுயர்ந்ததாகிவிடாது என்பதை அதுவே எங்களுக்குச் சொல்லித் தந்தது.

ஒரு குப்பியைக் கையில் எடுத்ததும் பெரும்பாலோர் அடிப்புறத்தைத் திருப்பி, பெயர் பொறித்திருக்கிறதா என்று தேடுவர். நாங்கள் முதலில் பார்ப்பது மூடியை. அக்காலத்து உயர்தரக் குப்பிகளில், கண்ணாடி மூடியை அதற்குரிய கழுத்திலேயே பொருத்தித் தேய்த்து இழைப்பார்கள். ஆகவே ஒன்றின் மூடி மற்றொன்றில் சரியாக அமராது. பட்டறையில் மாறிவிடாதிருக்க, மூடியின் அடித்தண்டிலும் குப்பியின் அடியிலும் ஒரே எண்ணைக் கீறி வைப்பது வழக்கம். அவ்விரு எண்களும் ஒத்திருந்தால் இரண்டும் பிறந்த நாள் முதல் இணைந்தவை. ஒவ்வாதிருந்தால், உடைந்த ஒன்றின் மூடியை யாரோ பிற்காலத்தில் இதன் தலையில் வைத்திருக்கிறார்கள். கூர்ந்து பார்த்தாலன்றித் தெரியாத இந்தச் சின்னஞ்சிறு எண்ணைப் போலி செய்பவரும் பெரும்பாலும் பொருட்படுத்துவதில்லை.

பெயர்ப் பொறிப்போ எளிதில் ஏமாற்றக்கூடியது. ரெனே லாலிக் என்பவர் நகை வடிவமைப்பாளராக இருந்து கண்ணாடிக்கு வந்தவர். பாரிஸில் அவருடைய கடைக்கு அருகே கடை வைத்திருந்த பிரான்சுவா கோத்தி என்ற நறுமண வணிகர் கேட்டதற்கிணங்கவே அவர் குப்பிகள் வடிக்கத் தொடங்கினார். 1945இல் அவர் காலமானார். அதுவரை வந்தவற்றில் 'ஆர்' என்னும் முதலெழுத்துடன் 'ஆர். லாலிக்' என்று இருக்கும். பின்னர் மகன் மார்க் பொறுப்பேற்றதும் அந்த 'ஆர்' நீங்கியது. ஒற்றை எழுத்து விலையைப் பன்மடங்கு மாற்றுவதால், பெயரே இல்லாத குப்பிகளிலும் பிற்காலக் குப்பிகளிலும் அதைப் பொறித்து விற்போர் உண்டு. பக்காராவின் கதை வேறு. 1764இல் தொடங்கிய அவ்வாலை 1860இல் தன் சின்னத்தைப் பதிவு செய்தது. ஆயினும் நெடுங்காலம் அது காகிதச் சீட்டாகவே ஒட்டப்பட்டது. சீட்டு உதிர்ந்தபின் சின்னமே இல்லாத அசல் குப்பிகள் எத்தனையோ உள்ளன. பெயர் இருப்பதால் அசலென்றோ, இல்லாததால் போலியென்றோ முடிவு கட்ட இயலாது.

அடிப்புறத் தேய்மானம் பொய் சொல்வது அரிது. எண்பது, தொண்ணூறு ஆண்டுகள் மேசைமீது நின்ற குப்பியின் அடியில் மெல்லிய கீறல்கள் திசைக்கொன்றாக ஓடும். உப்புத்தாள் கொண்டு செயற்கையாகத் தேய்த்தால் அவை ஒரே திசையில் வரிவரியாகத் தெரியும். ஒரு நல்ல உருப்பெருக்கி போதும். உட்புறம் பால் படிந்தாற்போல் வெளுத்திருந்தால், கண்ணாடியே நோயுற்றது என்று பொருள். எவ்வளவு கழுவினாலும் அது போகாது.

திறக்கப்படாத குப்பிகளின் கழுத்தில் மெல்லிய சவ்வொன்றை இழுத்துப் போர்த்தி, பட்டு நூலால் சுற்றிக் கட்டியிருப்பார்கள். எங்கள் மாமியாரிடம் அதைக் காட்டியபோது, "இது என்ன தோல்?" என்பதே அவர் கேட்ட முதற்கேள்வி. மாட்டுக் குடலிலிருந்து எடுத்த சவ்வு என்றதும் ஆறுதலடைந்தார். அந்தக் கட்டு குலையாத குப்பிக்கு மதிப்பு மிகுதி.

நம்மவர்க்குச் சிறப்பாகச் சொல்லத்தக்க செய்திகள் இரண்டு. கெர்லான் நிறுவனம் 1925இல் பாரிஸ் அலங்காரக் கலைக் கண்காட்சியில் வைத்த 'ஷாலிமார்', முகலாயர் அமைத்த ஷாலிமார் தோட்டத்தின் பெயர் தாங்கியது. நீல மூடியுடைய அதன் குப்பியைப் பக்காரா வார்த்தது. அதற்கும் முன்பே, புரோக்கார் என்ற பாரிஸ் கலைஞர், மம்லூக் சுல்தான்கள் காலத்துப் பள்ளிவாசல் விளக்குகளை ஆராய்ந்து, கண்ணாடியில் வண்ணமெழுதிச் சுடும் அக்கலையை மீட்டெடுத்தார். 1867 உலகக் கண்காட்சியில் தம் படைப்புகளை வைத்தார். பிரெஞ்சுக் கண்ணாடியின் புகழில் கெய்ரோவுக்கும் டமாஸ்கஸுக்கும் ஒரு பங்குண்டு என்று இங்குள்ள நண்பர்களிடம் சொல்லும்போது எங்களுக்குச் சற்றுப் பெருமைதான்.

இனி, நாங்கள் இதை எழுத நேர்ந்ததற்கான உண்மைக் காரணத்துக்கு வருகிறோம்.

சென்ற இலையுதிர் காலத்தில், வீட்டுப் பழம்பொருள்களை அந்தந்தத் தெருவினரே கடைவிரித்து விற்கும் சந்தையொன்றில், முதிய பெண்மணி ஒருவரின் விரிப்பில், பழைய கரண்டிகளுக்கிடையே, விண்மீன்கள் பதித்த கருநீல உருண்டைக் குப்பி ஒன்றைக் கண்டோம். 'தான் லா நுயி'. வோர்த் நிறுவனத்துக்காக லாலிக் 1924இல் வடித்தது. எண்கள் ஒத்திருந்தன. பொறிப்பில் 'ஆர்' இருந்தது. தேய்மானமும் பொய்யன்று. விலை கேட்டோம், ஐந்து யூரோ என்றார். ஏலத்தில் அது நூற்றுக்கணக்கில் போகும்.

அவ்விடத்திலேயே எங்களுக்குள் தாழ்ந்த குரலில் தமிழில் வாதம் எழுந்தது. எங்களுள் ஒருவரின் வாதம் இது: விலையைக் கூறியவர் அவரே. நாம் பொய் சொல்லவில்லை, குறையை மறைக்கவில்லை. நம் ஷாஃபிஈ மத்ஹபில் விலையில் ஏற்பட்ட இழப்பு மட்டுமே வணிகத்தை முறிக்கும் காரணமாகாது. பல ஆண்டு படித்துத் தேடிய அறிவின் கூலிதானே இது?

மற்றவர் வேறொன்றை நினைவூட்டினார். சரக்குடன் வரும் பயணிகளைச் சந்தைக்கு முன்பே வழிமறித்து வாங்குவதை நபி (ஸல்) அவர்கள் தடுத்தார்கள். அவ்வாறு விற்றவருக்குச் சந்தையை அடைந்தபின் வணிகத்தை முறித்துக்கொள்ளும் உரிமையையும் அளித்தார்கள். சந்தை விலை இன்னதென்று அறியாதவரிடம் முந்திக்கொள்வதுதான் அங்கே தடுக்கப்படுகிறது. இந்த மூதாட்டி சந்தையில் அமர்ந்திருந்தாலும், இப்பொருளுக்கான சந்தையை இன்னும் அடையவில்லை. ஜரீர் இப்னு அப்துல்லாஹ் (ரலி) அவர்களுக்காக முந்நூறு திர்ஹத்துக்குப் பேசி முடித்த குதிரையைக் கண்டு, அது அதற்கும் மேல் பெறும் என்று உரிமையாளரிடம் தாமே விலையை உயர்த்தி எண்ணூறு வரை கொடுத்த செய்தியையும் அவர் எடுத்துரைத்தார். ஜரீர் (ரலி) அவர்கள் உறுதிமொழி அளித்தது முஸ்லிம்களுக்கு நலம் நாடுவதாகத்தானே என்று முதலாமவர் கேட்க, நேர்மைக்கு அண்டை வீட்டாரின் மார்க்கத்தைக் கேட்டுக்கொண்டா இருப்போம் என்றார் இரண்டாமவர்.

நாங்கள் சொல்லிவிட்டோம். அவர் முதலில் நம்பவில்லை. உருப்பெருக்கியைக் கொடுத்து அடிப்புறத்தைக் காட்டினோம். நெடுநேரம் பார்த்தார். தம் தாயாரின் ஒப்பனை மேசையில் இருந்தது என்றார். பின்னர் செய்தித்தாளில் சுற்றித் தம் கைப்பைக்குள் வைத்துக்கொண்டார். எங்களுக்கு விற்கவில்லை, நாங்களும் கேட்கவில்லை. அன்று கூட்டுவண்டியில் வெறுங்கையுடன் வீடு திரும்பினோம். அந்த நீல உருண்டையை எங்களுள் ஒருவர் இன்னும் மறக்கவில்லை என்பதையும் சொல்லியாக வேண்டும்.

அறிவுக்குக் கூலி உண்டு என்ற கருத்தை நாங்கள் முழுமையாகத் தள்ளிவிடவில்லை. பழம்பொருள் விற்பதையே தொழிலாகக் கொண்டவர் குறைந்த விலை கூறினால் மறுபேச்சின்றி வாங்குகிறோம்; தம் சரக்கை அறிவது அவர் பொறுப்பு. வீட்டைக் காலி செய்பவர், கைம்பெண், பாட்டியின் பெட்டியைத் திறந்து பார்த்த இளைஞர் ஆகியோரிடம் மட்டும் முதலில் பொருளின் பெயரைச் சொல்லிவிடுகிறோம். இரண்டுக்கும் இடைப்பட்டவர்களும் உண்டு. அவர்களைக் குறித்து எங்களிடையே இன்றும் ஒரே கருத்தில்லை. ஆலிம்கள் எவரேனும் விளக்கினால் நன்றியுடன் ஏற்போம். நாங்கள் விற்கும்போது தயக்கத்துக்கே இடமில்லை. தானியக் குவியலின் அடியில் ஈரத்தை மறைத்த வணிகரை நபி (ஸல்) அவர்கள் கண்டித்த செய்தி நாம் அனைவரும் அறிந்தது. வாய் விளிம்பின் உடைசலை இழைத்துச் சமன்செய்த குப்பியாயின், அதைச் சீட்டில் எழுதி வைத்தே விற்கிறோம்.

காரைக்காலிலும் புதுச்சேரியிலும் நம் வீடுகளில் இத்தகைய குப்பிகள் இன்னும் இருக்கக்கூடும். கிடைத்தால் வெந்நீரில் கழுவ வேண்டாம். பழைய கண்ணாடி விரிசல் விடும். ஒட்டியிருக்கும் சீட்டையும் அட்டைப் பெட்டியையும் எறிய வேண்டாம். மூடி இறுகியிருந்தால் முறுக்காதீர்கள். விளிம்பைச் சுற்றி ஒரு துளி எண்ணெய் விட்டு, இரண்டு மூன்று நாள் அப்படியே வையுங்கள். திறந்ததும் முதலில் அந்த எண்ணைப் பாருங்கள்.